எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவாய்?

2025 நவம்பர் 13-ஆம் தேதி சேலத்திலிருந்து கிளம்பிய ஒரு சிறிய பயிற்சி விமானம், திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில், நார்த்தாமலைக்குப் பக்கத்தில், பட்டப்பகலில் ரோட்டிலேயே இறங்கியது. செஸ்னா வகை விமானம். உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர். பறந்துகொண்டிருக்கும்போது கோளாறு. இருவரும் காயமில்லாமல் இறங்கி நின்றார்கள். மறுநாளே தாம்பரத்திலிருந்து போன விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று திருப்போரூர் அருகே விழுந்தது. அதன் விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பினார். அந்த வாரம் எங்கள் காலை நடைக் கூட்டத்தில் வேறு பேச்சே இல்லை.

ஒரு நண்பர், "ரோட்டில் இறங்கினானே, ஃபாஸ்டாக் ஒட்டியிருந்தானா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். இன்னொருவர், "அதிர்ஷ்டம் சார். பகவான் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்" என்றார். மூன்றாமவர் ஓய்வுபெற்ற உயர் அதிகாரி. அவர், "இத்தனை லட்சம் வாங்கிக்கொண்டு இப்படித்தான் கற்றுக் கொடுக்கிறார்களா? யார் தப்பு என்று விசாரித்து முதலில் அவனை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்" என்றார்.

முதலாமவர் பேச்சு வேடிக்கை, அதை விடுங்கள். மற்ற இரண்டு பேச்சோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அது வெறும் அதிர்ஷ்டம் இல்லை. அதே சமயம், ரோட்டில் இறங்கிவிட்டார்கள் என்பதை ஒரு குற்றம் போலப் பேசுவது ஆபத்தான பேச்சு. அப்படிப் பேசுகிறவர்கள் நிறைய இருப்பதால்தான் சில விமானிகள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், ஊர் திரும்பிவிடலாம் என்று பார்த்து உயிரை விடுகிறார்கள் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

கோட்டூர்புரத்தில் குடியிருப்பவர்களுக்கு விமானம் புதிதல்ல. கடல் பக்கமாக வந்து மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் போகும். மொட்டை மாடியில் வடாம் காயவைக்கப் போனால் சக்கரத்தைக்கூடப் பார்க்கலாம். 2025 ஜூனில் அகமதாபாத் விபத்து நடந்ததிலிருந்து, அந்தச் சத்தம் கேட்டாலே அண்ணாந்து பார்ப்பவர்கள் எங்கள் குடியிருப்பில் அதிகமாகிவிட்டார்கள். எஞ்சின் நின்றால் விமானம் கல்லைப் போலத் தலையில் விழும் என்பது அவர்கள் எண்ணம்.

அப்படி விழாது. விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது எஞ்சின் இல்லை, இறக்கை. இறக்கையின் மேல் காற்று போதிய வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வரை அது விமானத்தைத் தாங்கும். எஞ்சினின் வேலை அந்த வேகத்தைக் கொடுப்பது. எஞ்சின் நின்றுவிட்டால் அந்த வேகத்தை வேறு வழியில் வாங்க வேண்டும். சைக்கிளில் பெடல் பண்ணாமல் பரங்கிமலைச் சரிவில் இறங்கினால் வேகம் கிடைக்கிறதல்லவா, அதுபோல விமானத்தின் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினால் வேகம் கிடைக்கும். விலை மட்டும் உயரம். உயரத்தைச் செலவழித்து வேகத்தை வாங்க வேண்டும்.

எங்கள் அடுக்ககத்தில் ஒருவரின் பேரன் விமானப் பயிற்சியில் இருக்கிறான். லீவில் வந்தபோது அவனுடைய செஸ்னா 172 கையேட்டை வாங்கிப் படித்தேன். 30 வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கையேடுகளைப் படித்தே வயிறு வளர்த்தவன் என்பதால் எனக்கு இது பழகிய வேலை. அதில் கணக்குத் தெளிவாக இருக்கிறது. எஞ்சின் நின்ற அந்த விமானத்தை மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர் வேகத்தில் வைத்திருந்தால், ஒவ்வொரு ஆயிரம் அடி உயரத்துக்கும் சுமார் இரண்டே முக்கால் கிலோமீட்டர் தூரம் சறுக்கிக்கொண்டு போகலாம். மூவாயிரம் அடியில் நின்றால் எட்டு கிலோமீட்டர் தூரம், நான்கு நிமிஷம் அவகாசம்.

நான்கு நிமிஷம் என்பது குறைவுதான். ஆனால் ஒன்றுமே இல்லை என்பது போல இல்லை. பால் பொங்கி வழிவதற்குள் அடுப்படிக்கு ஓடுகிற நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள், நான்கு நிமிஷத்தில் என்னென்ன செய்யலாம் என்று சொல்வார்கள்.

இந்த எட்டு கிலோமீட்டர் கணக்கை நம் பேட்டையில் வைத்துப் பாருங்கள். கோட்டூர்புரத்துக்கு நேர் மேலே மூவாயிரம் அடியில் ஒரு சின்ன விமானத்தின் எஞ்சின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மெரினா மணல் எட்டும். கிண்டி ரேஸ் கோர்ஸ் மைதானம் தாராளமாக எட்டும். மீனம்பாக்கத்து ஓடுபாதை? ஏழு கிலோமீட்டர் சொச்சம். கணக்குப்படி எட்டும்.

ஆபத்து அந்த 'கணக்குப்படி எட்டும்' என்பதில்தான் இருக்கிறது. எஞ்சின் நின்றதை நம்புவதற்கே மனிதனுக்குச் சில விநாடி ஆகும். அதற்குள் உயரம் கொஞ்சம் போய்விடும். விமானம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தால் அதைத் திருப்ப வேண்டும்; திருப்பத்தில் உயரம் போகும். எதிர்க்காற்று அடித்தால் இன்னும் போகும். பாதி தூரம் போன பிறகு எட்டாது என்று தெரியவரும். அப்போது கீழே கிண்டி மைதானம் பின்னால் போய்விட்டிருக்கும். முன்னால் இருப்பது ஆலந்தூர்க் கூரைகள். அந்த நிலையில் மனிதனின் கை தானாகச் செய்யும் காரியம் ஒன்று உண்டு: கூரை நெருங்குகிறதே என்று விமானத்தின் மூக்கைத் தூக்குவது. மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் இறக்கை கைவிட்டுவிடும். விமானிகள் இதை 'ஸ்டால்' என்பார்கள். அதுவரை சறுக்கிக்கொண்டிருந்த விமானம் அப்போதுதான் கல்லைப் போல விழும்.

கிளம்பியவுடனே எஞ்சின் நின்றால் நிலைமை இன்னும் நெருக்கடி. ஓடுபாதையை விட்டு எழும்பி ஐந்நூறு அடி போயிருக்கும். பின்னால் திரும்பினால் அருமையான ஓடுபாதை, இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் அதே ஓடுபாதைக்கு வர வெறும் அரைச் சுற்றுப் போதாது. ஒரு பக்கம் விலகித் திரும்பி, மறுபடி நேராக்க வேண்டும். அவசரத்தில் விமானத்தை ஒருக்களித்துத் திருப்புவார்கள். 45 டிகிரி சாய்த்தால், இறக்கை கைவிடும் வேகம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். 60 டிகிரி என்றால் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடும். அதாவது நேராகப் போகும்போது போதுமாக இருந்த அதே வேகம் திருப்பத்தில் போதாது. அதனால்தான் உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளில், தாழ்வான உயரத்தில் எஞ்சின் நின்றால் திரும்பாதே, முன்னால் இருப்பதில் நல்லதாகப் பார்த்து இறங்கு என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். சொல்லிக் கொடுத்தும் திரும்புகிறார்கள், சாகிறார்கள்.

இப்போது, நான்கு நிமிஷத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம். விமானிகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் விமானத்தை ஓட்டு, அடுத்து எங்கே போவது என்று பார், கடைசியில்தான் பேசு. நம் ஊர் வழக்கத்துக்கு இது நேர் தலைகீழ். நமக்கு ஏதாவது ஒன்று ஆனால் முதலில் போன்தான் போடுவோம்.

ஓட்டுவது என்றால் மூக்கைத் தாழ்த்தி அந்த 120-ஐப் பிடிப்பது. இடம் பார்ப்பது என்றால் எட்டுகிற தூரத்தில், முடிந்தால் காற்றை எதிர்த்து இறங்குகிற மாதிரி, ஒரு வெளியைத் தேர்ந்தெடுத்து அதை விடாமல் பிடித்துக்கொள்வது. இந்த இரண்டும் ஆன பிறகு, உயரம் மிச்சமிருந்தால், எஞ்சினை எழுப்பிப் பார்க்கலாம்.

அந்த எழுப்பும் பட்டியலைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் வயதுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். பழைய லாம்பிரெட்டா அல்லது பஜாஜ் ஸ்கூட்டர் நடுவழியில் நின்றால் என்ன செய்தோம்? பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தோம். குனிந்து பெட்ரோல் திருகை 'ரிசர்வ்' பக்கம் திருப்பினோம். சோக்கைப் பார்த்தோம். பிளக்கைக் கழற்றித் துடைத்தோம். விமானத்திலும் ஏறக்குறைய அதேதான். பெட்ரோல் டாங்க் இரண்டு இறக்கையிலும் இருக்கும். சில விமானங்களில் இடது, வலது என்று மாற்றி மாற்றி விட வேண்டும். ஒரு டாங்கில் நிறைய இருக்கும்போதே மற்றது வறண்டு எஞ்சின் நின்ற கதைகள் ஏராளம். ஆகவே முதலில் அந்தத் திருகு. அடுத்து, காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவு. அடுத்து, பற்றவைக்கும் ஸ்விட்ச். சிறிய விமான எஞ்சினில் மேக்னெட்டோ இரண்டு உண்டு. ஒன்று போனாலும் மற்றது ஓட்டும், பேட்டரியே செத்தாலும் ஓடும். ஸ்கூட்டருக்கும் அதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், பிளக்கைக் கழற்றித் துடைக்க இறக்கையில் உட்கார முடியாது என்பதுதான்.

இதில் ஒன்று என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. பழைய வகை எஞ்சினின் கார்புரேட்டரில் ஐஸ் கட்டி எஞ்சின் நிற்கும். இமயமலையில் அல்ல, நம் ஊர் மாதிரி புழுக்கமான இடத்திலும்! பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே சங்கதி. காற்றில் ஈரம் அதிகம் இருந்தால், வெளியே 25, 30 டிகிரி இருக்கும்போதுகூட உள்ளே ஐஸ் பிடித்து வழியை அடைக்கும். இதற்கு வைத்தியம், எஞ்சின் புகைக்குழாயைச் சுற்றி வரும் சூடான காற்றை உள்ளே விடுகிற ஒரு குமிழ். அதை இழுத்தவுடன் ஐஸ் உருகி, அந்தத் தண்ணீர் எஞ்சினுக்குள் போய், எஞ்சின் முன்னைவிட மோசமாக இருமும். பழகாதவன் பயந்துபோய்க் குமிழை மறுபடி உள்ளே தள்ளிவிடுவான். அவ்வளவுதான், கதை முடிந்தது. பொறுத்திருந்தால் அரை நிமிஷத்தில் சரியாகும். முதலில் மோசமாகத் தெரிகிற வைத்தியத்தை நடுவில் நிறுத்தாமல் இருக்க, அது அப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பதற்றத்தில் யோசித்துக் கண்டுபிடிக்கிற விஷயமில்லை. "முதல் நாலு வரியை மனப்பாடமா சொல்லணும் தாத்தா, புத்தகத்தைத் திறக்க நேரம் இருக்காது" என்று அந்தப் பையன் சொன்னான்.

இத்தனைக்கும் பிறகுதான் பேச்சு. ரேடியோவில் 'மேடே, மேடே, மேடே' என்று மூன்று முறை சொல்ல வேண்டும். நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இந்தச் சொல்லின்மேல் எனக்குத் தனிப் பிரியம். 1920-களில் லண்டனின் குராய்டன் விமான நிலையத்தில் ரேடியோ அதிகாரியாக இருந்த மாக்ஃபோர்டு என்பவரிடம், ஆபத்து நேரத்தில் எல்லாருக்கும் உடனே விளங்கும் ஒரு சொல்லைச் சொல்லும்படி கேட்டார்கள். அப்போது அங்கிருந்து போகும் விமானங்களில் பெரும்பாலானவை பாரிஸ் பக்கத்து லெ பூர்ஜே நிலையத்துக்குத்தான். அதனால் 'எனக்கு உதவுங்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லான 'மெதே' என்பதையே அவர் ஆங்கில உச்சரிப்பில் வைத்துவிட்டார். அதை அப்படித் தனியாகக் கட்டளையாகச் சொன்னால் பிரெஞ்சு இலக்கணப்படி தப்பு. 'எதே முவா' என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் கேட்டிருந்தால் பெஞ்சு மேல் நிற்க வைத்திருப்பார். ஆனால் அந்தத் தப்பான பிரெஞ்சு இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ உயிரைக் காப்பாற்றி வருகிறது.

கடைசி நிமிஷத்தில் இன்னும் சில வேலைகள். பெட்ரோலை அடைக்க வேண்டும், மின்சாரத்தை அணைக்க வேண்டும், தீப்பிடிக்காமல் இருக்க. கதவைத் தாழ் நீக்கி லேசாகத் திறந்து வைக்க வேண்டும்; இடித்ததில் உடல் நெளிந்து கதவு சிக்கிக்கொண்டால் வெளியே வர முடியாது. பிறகு மெதுவாக, ஆனால் விமானம் நம் பிடியில் இருக்கும்போதே, தரையில் வைத்துவிட வேண்டும். இறக்கை ஒடியலாம். சக்கரம் பிய்த்துக்கொண்டு போகலாம். போகட்டும். எஞ்சின் நின்ற நிமிஷத்திலிருந்து விமானம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொந்தம் என்று விமானிகள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்களாம். அதைவிட நல்ல அறிவுரை இருக்க முடியாது.

நார்த்தாமலை ரோட்டில் ஏன் இறங்க வேண்டும், பக்கத்து வயலில் இறங்கக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நவம்பர் மாதம், மழைக்காலம். நீர் நிற்கும் வயலில் முன்சக்கரம் சேற்றில் புதைந்தால் விமானம் குப்புறக் கவிழும். வரப்பு இருக்கிறது, கிணறு இருக்கிறது, பனைமரம் இருக்கிறது. ரோட்டிலும் ஆபத்து உண்டு. மின்கம்பி, லாரி, எதிரே வருகிற குடும்பத்தோடு ஒரு ஸ்கூட்டர். எதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. மேலே இருந்து பார்க்கிறவன் நிமிஷக் கணக்கில் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தார்கள். யாருக்கும் காயமில்லை. கீழே உட்கார்ந்துகொண்டு நாம் அதற்கு மார்க் போட வேண்டாம்.

இனி நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவும் தெரிந்தவர்கள் ஏன் ஊர் திரும்பப் பார்க்கிறார்கள்? உயிர் பயம் மட்டும் காரணமில்லை. விமானத்தைச் சேதப்படுத்திவிட்டோமே, பயிற்சியாளர் என்ன சொல்வார், அப்பா வாங்கிய கடன் என்ன ஆகும், பேப்பரில் பெயர் வருமே என்கிற கூச்சமும் காரணம். அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ஒரு கோப்பில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தால் உடனே மேலே சொல்பவன் கிடைப்பது அரிது. சொன்னால் முதலில் வருவது 'விளக்கம் கேட்டு' ஒரு மெமோ. அதனால் எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று மூடி வைப்பார்கள். அலுவலகத்தில் அதனால் ஒரு பைசல் கெடும். ஆகாயத்தில் ஆள் போய்விடும்.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்தில் எங்களுக்கு மெர்மோஸ் ஒரு தெய்வம். பிரான்சிலிருந்து ஆப்பிரிக்கா வழியாகத் தென்னமெரிக்காவுக்குத் தபால் கொண்டுபோன விமானி. அந்தக் காலத்து எஞ்சினை நம்ப முடியாது. அதனால் சகாராப் பாலைவனத்தின் மேல் இரண்டு விமானமாகச் சேர்ந்து போவார்கள். ஒன்று மணலில் இறங்கினால் மற்றது அந்த ஆளைத் தூக்கிக்கொண்டு வரும். அவர் தோழர் செந்த் எக்சுபெரி எழுதிய 'குட்டி இளவரசன்' கதையே பாலைவனத்தில் எஞ்சின் பழுதாகி இறங்கிய ஒரு விமானியிடம்தான் தொடங்குகிறது. இறங்குவதும் காத்திருப்பதும் அவர்களுக்கு அவமானமே இல்லை.

அப்பேர்ப்பட்ட மெர்மோஸ் 1936 டிசம்பர் 7-ஆம் தேதி விடியற்காலை, நான்கு எஞ்சின் கொண்ட கடல் விமானத்தில் டாக்கரிலிருந்து கிளம்பினார். ஓர் எஞ்சினின் விசிறியில் கோளாறு. சரியாகத்தான் செய்தார்: திரும்பி வந்துவிட்டார். வேறு விமானம் கேட்டார், தயாராக இல்லை. அவசர அவசரமாகப் பழுது பார்த்து, தபால் தாமதமாகிறதே என்று ஏழு மணி வாக்கில் அதே விமானத்தில் மறுபடி கிளம்பினார். பத்தே முக்காலுக்கு ரேடியோவில் ஒரு சிறு செய்தி: வலது பின் எஞ்சினை நிறுத்துகிறோம் என்று. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவரோடு சேர்த்து ஐந்து பேர். இரண்டு நாள் கழித்திருந்தால் அவருக்கு 35 வயது நிறைந்திருக்கும். அன்றைக்குத் தபால் ஒரு நாள் தாமதமாகப் போயிருந்தால் யாருக்கும் ஞாபகம்கூட இருந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான கதை நம் நாட்டில் உண்டு. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் அறிவித்த 500 பவுன் பரிசுக்காக 1930-இல் போட்டி நடந்தது. கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா கிளம்பினார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்பி எஞ்சினியர் என்ற 17 வயதுப் பையன் கிளம்பினான். இருவரும் எகிப்தில் அபூகிர் என்ற இடத்தில் சந்தித்தார்கள். பையனின் விமானத்துக்கு ஸ்பார்க் பிளக் தகராறு. மாற்றுப் பிளக் இல்லாமல் அங்கே உட்கார்ந்திருந்தான். போட்டி நடக்கிறது, பரிசு போய்விடும், ஆனாலும் கெட்ட பிளக்கோடு கிளம்பாமல் இருந்தான். டாட்டா தன்னிடம் உபரியாக இருந்த பிளக்குகளைப் போட்டியாளனுக்கே கொடுத்தார். பரிசு பையனுக்குக் கிடைத்தது. அந்தப் பையன்தான் பின்னாளில் இந்திய விமானப்படையின் தலைவரானார். டாட்டா என்ன ஆனார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1932 அக்டோபரில் அவருடைய தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு வந்தது; அங்கிருந்து அவர் கூட்டாளி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக நம் மெட்ராஸுக்குத் தபாலைக் கொண்டுவந்தார். ஒரே ஒரு எஞ்சின் கொண்ட சின்னஞ்சிறு விமானம்தான்.

தண்டிப்பதா, பாராட்டுவதா என்ற கேள்விக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1983 ஜூலையில் கனடாவில் ஒரு பெரிய போயிங் விமானம் 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து நின்றுவிட்டது. காரணம் என்ன தெரியுமா? கிலோவில் போட வேண்டிய கணக்கைப் பவுண்டில் போட்டுவிட்டார்கள். தேவையில் பாதிக்கும் குறைவாகத்தான் நிரம்பியிருந்தது. நம் குமாஸ்தாக்கள் செய்யும் அதே தவறு! கேப்டன் பியர்சனுக்கு எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டிப் பழக்கம். எட்டாது என்று தெரிந்ததும் வின்னிபெக்கை விட்டுவிட்டு, கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். நம் சோழவரம் மாதிரி அதுவும் கார்ப் பந்தயத் திடலாகியிருந்தது. உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். நிர்வாகம் என்ன செய்தது? கேப்டனைப் பதவியிறக்கம் செய்தது, துணை விமானியைச் சில நாள் சஸ்பெண்ட் செய்தது. பிறகு உலக விமானச் சம்மேளனம் அவர்களுக்கு விருது கொடுத்தது. எரிபொருள் கணக்கு பற்றி விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பதவியிறக்கத்தைப் பார்த்த அடுத்த விமானி என்ன கற்றுக்கொள்வான் என்பதையும் யோசிக்க வேண்டும்.

விமான விபத்து விசாரணைக்கு உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதியே, விசாரணையின் நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல என்பதுதான். இந்தியாவிலும் 2012 முதல் அதற்கென்று தனி அமைப்பு இருக்கிறது. அவர்கள் வேலையை அவர்கள் செய்யட்டும். நம் பங்குக்குச் செய்ய வேண்டியவை சில உண்டு. ஒருவேளை நம் கண்ணெதிரே ஒரு விமானம் ரோட்டில் இறங்கினால் வண்டியை ஓரம் கட்டுங்கள். 112-க்குச் சொல்லுங்கள். இறக்கைக்குள் பெட்ரோல் இருக்கும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. செல்ஃபி எடுக்க ஏறாதீர்கள். ஒரு துண்டையும் எடுத்துப் பையில் போடாதீர்கள், காரணம் கண்டுபிடிக்க அதுதான் சாட்சி. உள்ளே இருப்பவருக்குத் தண்ணீர் கொடுங்கள். "என்னப்பா இப்படி இறக்கிட்ட?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

இதைப் படிப்பவர்களில் சிலருக்குப் பேரனோ பேத்தியோ சேலத்திலோ, வெளிநாட்டிலோ விமானப் பயிற்சியில் இருக்கலாம். லட்சக்கணக்கில் கடன் வாங்கி அனுப்பியிருப்பீர்கள். போனில் பேசும்போதெல்லாம் "பத்திரமா திரும்பி வா" என்று சொல்வீர்கள். அன்போடு சொல்வதுதான். அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். "இன்றைக்கு எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவாய்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். பிறகு சொல்லுங்கள்: "வயலில் இறங்கு, ரோட்டில் இறங்கு, ஏரிக்கரையில் இறங்கு. விமானம் உடைந்தால் உடையட்டும். இந்த வீட்டில் ஒருத்தரும் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டோம்."

இதை ஒரு முறை தெளிவாகச் சொல்லி வையுங்கள். அந்த நான்கு நிமிஷத்தில் அவர்களுக்கு நம்மைப் பற்றிய கவலை இருக்கக் கூடாது.